வாசலில் சொன்ன ‘வாங்க’

1

இதை நான் கதையாக எழுதத் தொடங்கவில்லை. என்னிடம் கேட்கப்பட்டது ஒரு துண்டுப்பிரசுரம். மடித்தால் சட்டைப்பையில் அடங்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், படிப்பு அதிகம் இல்லாதவருக்கும் புரிய வேண்டும். தலைப்பைக்கூட அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘போலீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால்.’

கேட்டவர் இலவச சட்ட உதவி மையத்தில் வேலை பார்க்கும் ஒரு வக்கீல். எங்கள் இருவர் பிள்ளைகளும் ஒரே வகுப்பு. பள்ளி வாசலில் காத்து நின்று வளர்ந்த பழக்கம். “நாங்க எழுதினா சட்டப் புத்தகம் மாதிரி இருக்கு, யாரும் படிக்க மாட்டேங்குறாங்க. நீங்க எழுதுறவங்களாச்சே” என்றார். இப்படிச் சொன்னால் எழுதுகிறவர்கள் மறுப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றேன். வழக்கு முடிந்துபோன ஒரு குடும்பத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர்களுடைய கதையைச் சொன்னார். பிறகு அந்தக் குடும்பத்து அம்மாளே என்னிடம் பேசினார், கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னார். உதாரணம் துண்டுப்பிரசுரத்தை விழுங்கிவிட்டது. விழுங்கியது போக மிச்சம் இருப்பவை சதுர அடைப்புக்குறிக்குள் அங்கங்கே கிடக்கும். காலில் இடறினால் குனிந்து படித்துவிட்டுப் போங்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘கதவு தட்டப்பட்டபோது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டு—’

(கதவு தட்டப்படும்போதெல்லாம் கதைகளில் பெண்கள் வெங்காயம்தான் நறுக்குகிறார்கள். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று—’

(எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

மூன்றாவது தேறியது: ‘அவர் ஒரு பூட்டுக்காரர்.’

இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பூட்டுத் தொழில் செய்கிறவரின் வீட்டுக் கதவு, சாவியே இல்லாமல், ஒரே ஒரு சொல்லில் திறந்துகொண்ட கதை இது. கேட்டவுடன் யாருக்கும் சந்தேகம் வரும்: பொருத்தமாக இருக்கட்டும் என்று நானே ஏற்பாடு செய்ததாக நினைப்பீர்கள். அந்தப் பழிக்குப் பயந்து அவரைக் குழாய் ரிப்பேர்காரராக மாற்றிப் பார்த்தேன். போலீஸ் அவர் வீட்டுக்கு வரக் காரணமே இல்லாமல் போயிற்று. சரி, பூட்டுக்காரராகவே இருக்கட்டும்.

மருந்துக் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள், ஒரு ஸ்டூல். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முழங்கை ரோமத்தில் பித்தளைத் தூள் மினுக்கும். மனைவிக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; குத்தினதே தெரியாமல் ரத்தம் எடுப்பதில் பெயர் வாங்கியவர். மனைவியின் அம்மா, கணவர் இறந்த பிறகு இவர்களோடு வந்து இருக்கிறார். இனி இந்தக் கதையில் மாமியார் என்றால் இவர்தான். என்னுடைய மாமியாருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைக் குடும்ப அமைதி கருதி இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

மாமியார் வேலைக்காலம் முழுவதும் ஒரு கண் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் உட்கார்ந்திருந்தவர். கண்ணில் பஞ்சு வைத்துக்கொண்டு வருகிறவரிடம், கண்ணாடி உடைந்து தட்டுத்தடுமாறி வருகிறவரிடம், சண்டை போடவே வருகிறவரிடம், முதலில் ‘வாங்க’, அடுத்தது ‘உட்காருங்க’, மூன்றாவது ‘டோக்கன் எடுத்தீங்களா’.

ஊரில் நடந்தது இதுதான். ஒரு பல் டாக்டர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தபோது அவருடைய அடுக்குமாடி வீட்டில் திருட்டுப் போனது. கைக்கடிகாரங்கள் சில, ஒரு நல்ல கேமரா, கொஞ்சம் நகை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ சாவி போட்டுத் திறந்து, வேலை முடிந்ததும் பூட்டிவிட்டும் போயிருந்தார்கள். பூட்டு தெரிந்தவர்கள் யார் யார் என்று போலீஸ் விசாரிக்கத் தொடங்கியது.

3

ஒரு வேலை நாள், முற்பகல். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். மணி அடித்தது. மாமியார் கதவுத் துளை வழியாகப் பார்த்தார். ஒரு இன்ஸ்பெக்டர், பின்னால் ஆணும் பெண்ணுமாக இரண்டு போலீஸ்காரர்கள். திறந்தார்.

“வணக்கம்மா. பூட்டுக் கடை வச்சிருக்காரே, அவர் வீடுதானே இது?”

“ஆமா சார். என் மாப்பிள்ளைதான். கடைக்குப் போயிருக்காரு. என்ன விஷயம்?”

“பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒரு சின்ன விசாரணை. உள்ள வந்து பேசலாமா? அப்படியே வீட்டையும் ஒரு பார்வை பார்த்துட்டா எங்க வேலை முடிஞ்சுது.”

“வாங்க சார், வாங்க. உட்காருங்க.”

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். மற்ற இருவரும் உட்காரவில்லை. மாமியார் சமையலறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது படுக்கையறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. தட்டில் வைத்த டம்ளர்களோடு ஓடினார்.

“கொஞ்சம் இரும்மா, துணியெல்லாம் கலைஞ்சு கிடக்கு. நான் ஒதுக்கித் தரேன்.”

“பரவாயில்லம்மா, நாங்க பார்த்துக்குறோம்” என்றார் அந்தப் பெண் போலீஸ்.

அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்டேன். பயம், கோபம், ஏதாவது ஒன்றைச் சொல்வார் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். “வெட்கமா இருந்துச்சு. கட்டில் விரிப்பு மாத்தாம இருந்துச்சு. வந்தவங்க என்ன நினைப்பாங்க?” என்றார்.

பால்கனி அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால் முழுக்கப் பித்தளைச் சாவிகள்.

“இது என்னம்மா?”

“தேறாத சாவிங்க சார். வெட்டும்போது சரியா வராதத அதுல போட்டு வைப்பாரு. நிறைஞ்சதும் பழைய பித்தளை எடுக்குறவர்கிட்ட போட்டுடுவாரு.”

டின்னை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது. அதைத் தேடப் போனால் வந்தவர்களைக் காக்க வைத்ததாகும். இத்தனை வருடம் கண் ஆஸ்பத்திரியில் இருந்தவர், கண்ணாடி இல்லாமல், படிக்காமல், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

[துண்டுப்பிரசுரத்திலிருந்து: வந்தவர்களின் அடையாள அட்டையைப் பார்க்கலாம். தேடுதல் ஆணை இருக்கிறதா என்று கேட்கலாம். இருந்தால் வாங்கிப் படியுங்கள்: எந்த முகவரி, எதைத் தேட, யார் கையெழுத்து. ஆணை இருந்தால் தடுக்காதீர்கள். இல்லையென்றால், “தேடுறதுக்கு எனக்குச் சம்மதம் இல்லை” என்று தெளிவாகச் சொல்லலாம். அதையும் மீறி உள்ளே வந்தால் கை வைக்காதீர்கள், தள்ளாதீர்கள். சொன்னதை மட்டும் இன்னொரு முறை சொல்லுங்கள். எதை எடுத்தாலும் அதன் விவரத்துக்கு நகல் கேளுங்கள். படிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம். அவசரம் என்றால் ஆணை இல்லாமலும் நுழையச் சட்டம் இடம் கொடுக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.]

டின்னில் இருந்த சாவிகளை எல்லாம் பல் டாக்டர் வீட்டுக் கதவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று உள்ளே போனது. லேசாக ஆட்டினார்கள். திறந்துகொண்டது.

4

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் என்னைத் தொந்தரவு செய்தார்.

முதல் வரைவில் அவருக்குத் தடித்த மீசை வைத்து, லத்தியால் கதவைத் தட்ட வைத்து, ‘கெழவி, வழி விடு’ என்று பேச வைத்திருந்தேன். படித்துப் பார்த்த வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். “அப்படி வந்திருந்தா இந்தக் கேஸே இல்லையே. அதட்டியிருந்தா அந்தம்மா கதவைச் சாத்திட்டு மகளுக்கு போன் போட்டிருப்பாங்க. அவர் வணக்கம் சொன்னார். அதுலதான் விழுந்தாங்க.”

“அப்ப அவர் நடிச்சாரா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல. நல்ல மனுஷன். ஆணை வாங்கப் போனா அரை நாள் ஆகும், கேட்டுப் பார்ப்போம், விட்டா பார்ப்போம்னு வந்திருக்கார். மாட்டேன்னு சொல்லலாம்னு அந்தம்மாவுக்கு அவர் சொல்லல. அவ்வளவுதான்.”

மீசையை எடுத்துவிட்டேன். மரியாதையாகப் பேசும் ஒருவரை வில்லனாகவும் வைக்க முடியாமல், நல்லவராகவும் விட முடியாமல், கதவருகே நிறுத்தி வைத்திருக்கிறேன். உண்மையில், கதவைத் திறந்தபோது அப்படித்தான் நின்றாராம்.

(ஒரு சிறு விலகல். துண்டுப்பிரசுரத்தில் எல்லாரும் முழு வாக்கியத்தில் பேசுகிறார்கள். வாசலில் அப்படி யார் பேசுவார்? சோதித்துப் பார்க்கலாம் என்று என் கணவரிடம், நான் போலீஸ், நீங்கள் வீட்டுக்காரர், நான் கேட்டால் மறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய் மணி அடித்தேன். என்னிடம் எந்த விஷயத்துக்கும் லேசில் சம்மதிக்காத மனிதர் அவர். கதவைத் திறந்தார். “சார், வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்றேன். “ம்... வந்து... ஆணை... சரி, சீக்கிரம் பார்த்துட்டுப் போங்க” என்றார். மறுபடி அடித்தேன். இந்த முறை, “தப்பா எடுத்துக்காதீங்க” என்று தொடங்கிவிட்டு அதற்குமேல் போக முடியாமல் நின்றார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததால் சோதனை நிறுத்தப்பட்டது.)

5

பூட்டுக்காரரைக் கடையிலிருந்து அழைத்துப் போனார்கள். ஷட்டரைப் பாதிதான் இறக்கினார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முறைப்படி கேட்டார். “வக்கீல் யாரையாவது கூப்பிடணுமா? பேசணும்னு கட்டாயம் இல்ல, தெரியுமில்ல?”

“எதுக்கு சார் வக்கீல்? மடியில கனமில்லன்னா வழியில பயமில்ல. கேளுங்க, சொல்றேன்.”

இந்தப் பழமொழியை நானும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். எழுதும்போதுதான் நின்று பார்த்தேன். இது வழிப்பறிக்காரனை நினைத்துச் சொன்னது என்றே தோன்றுகிறது: பறிக்க ஒன்றும் இல்லாதவன் தைரியமாக நடக்கலாம். திருடனுக்குச் சொன்னதை நாம் போலீஸுக்குச் சொல்கிறோம். நிலையத்தில் மடியில் என்ன இருக்கிறது என்பதை மடிக்குச் சொந்தக்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் பேசப் பேச, பேச்சும் ஒவ்வொன்றாக மடியில் விழுகிறது.

“பல் டாக்டர் இருக்குற கட்டடம் தெரியுமா?”

“தெரியும் சார். பஸ்ல போகும்போது பார்த்திருக்கேன்.”

“உள்ள போயிருக்கீங்களா?”

“போனதே இல்ல சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? அந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்ல.”

எழுதிக்கொண்டார்கள். சாவியைக் காட்டினார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாராவது கடைக்குக் கொண்டுவந்து இன்னொன்று வெட்டச் சொல்லியிருப்பார்கள், முதலில் வெட்டியது சிக்கியிருக்கும், டின்னில் போட்டிருப்பேன், வேறொன்று வெட்டிக் கொடுத்திருப்பேன் என்றார். யார் கொண்டுவந்தார்கள்? தெரியாது. என்றைக்கு? தெரியாது. சாவிக்கு முகம் கிடையாது சார் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் அந்தக் கட்டடத்தின் மேலாளரைக் கூட்டிவந்தார்கள். பார்த்த உடனே, “இவர்தானே போன வருஷம் நம்ம மெயின் கேட் பூட்டை மாத்தினாரு” என்றார் மேலாளர்.

பூட்டுக்காரர் மறந்தே போயிருந்தார். கேட் வெளியில் இருக்கிறது. தெருவோரம் உட்கார்ந்து செய்த வேலை. வீட்டுக்குள் போன கணக்கில் அது அவர் தலையில் சேரவே இல்லை. அதைச் சொல்லவும் செய்தார். ஆனால் ‘போனதே இல்ல’ என்பது ஏற்கெனவே தாளில் இருந்தது. கேட்டவர்களுக்கு அது மறதியாகத் தெரியவில்லை.

மனைவி, வேலை உடுப்போடு அப்படியே, இந்த வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

“இனிமே நான் பக்கத்துல இல்லாம ஒரு வார்த்தை பேசாதீங்க” என்றார் வக்கீல்.

“பேசலன்னா தப்பு செஞ்சவன் மாதிரி ஆகாதாம்மா?”

“பேசினதாலதான் இப்ப அப்படி ஆகியிருக்கு.”

“நான் உண்மையத்தான் சொன்னேன்.”

“உண்மையும் சொன்னீங்க, மறந்ததையும் சொன்னீங்க. ரெண்டும் ஒரே தாள்ல இருக்கு.”

மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நரம்பு தேடிப் பழகிய விரல். நாடி ஓடும் வேகம் தனக்குத் தெரிந்தது என்றார். அன்றே அவரைக் காவலில் வைத்தார்கள்.

[துண்டுப்பிரசுரத்திலிருந்து: பெயர், முகவரி தவிர மற்றதற்கு, வக்கீல் வரும்வரை பேசாமல் இருக்கலாம். “வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்பது எதிர்த்துப் பேசுவதாகாது. எந்தப் பிரிவில் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம். பொய் மட்டும் சொல்லக் கூடாது. நினைவில் இல்லாததை நிச்சயமாகச் சொல்வதும் ஆபத்து.]

6

வீட்டில் நடந்ததை அம்மாவும் மகளும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

“நீ ஏம்மா உள்ள விட்ட?”

“வந்தவங்கள வாசல்லயே நிக்க வைக்கச் சொல்றியா?”

“வந்தது சொந்தக்காரங்களா? போலீஸும்மா.”

“போலீஸ்னா இன்னும் மரியாதையா கூப்பிட வேண்டாமா? தப்பா ஏதும் நினைச்சுட்டா?”

“இப்ப மட்டும் என்ன நினைச்சாங்க?”

மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல், பால்கனி அலமாரியில் டின் இருந்த வட்டமான தடத்தைத் துணியால் துடைத்தாராம். போகவில்லை. தினமும் துடைத்திருக்கிறார்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்ததும் வக்கீல் நிலைமையை விளக்கினார். கையில் இருப்பது ஒரே ஒரு சாவி. ஆணை இல்லாமல் தேடியிருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர் சம்மதித்தார் என்பதுதான் அவர்கள் பதில். அந்தச் சம்மதம் நிற்கவில்லை என்றால் சாவியும் சாட்சியமாக நிற்காது.

மாமியார் யோசித்துவிட்டுக் கேட்டார். “நான் வாங்கன்னு சொல்லவே இல்லன்னு சொல்லிட்டா? அவங்களா புகுந்துட்டாங்கன்னு?”

வக்கீல் கையில் இருந்த பேனாவை மூடினார்.

“அம்மா, நீங்க பொய் சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சா உங்களைக் கூண்டுலயே ஏத்த மாட்டேன். நடந்ததத்தான் சொல்லணும்.”

“நடந்ததச் சொன்னா மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போயிடுவாரே.”

“ஒண்ணு கேக்குறேன். அவங்க கேட்டப்ப, வேண்டாம்னு சொல்லலாம்னு உங்களுக்குத் தெரியுமா?”

மாமியார் விழித்தார். “வேண்டாம்னு சொல்லலாமா?”

வக்கீல் அப்போதுதான் பேனாவைத் திறந்தாராம்.

(இங்கே எனக்கு ஒரு சபலம் இருந்தது. மாமியார் இரவெல்லாம் புரண்டு, பொய்யா மெய்யா என்று மனதோடு போராடி— வேண்டாம். நான் கேட்டேன், “பயமா இருந்ததால தூங்கலையா?” “தூங்கினேன், மாத்திரை போட்டுட்டு” என்றார்.)

7

நீதிமன்ற அறை சிறியது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க எல்லாவற்றின் மேலும் ஏதாவது ஒன்றை வைத்திருந்தார்கள்: டம்ளர், கைக்குட்டை, சட்டப் புத்தகம். பூட்டுக்காரர் ஒரு ஓரத்தில் நின்றார். காவலில் இருந்து வந்தவர். முழங்கையில் பித்தளைத் தூள் இல்லை. மாமியார் அதைத்தான் முதலில் பார்த்தாராம்.

இன்ஸ்பெக்டர் சாட்சி சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மரியாதையாகக் கேட்டேன், அந்த அம்மா மரியாதையாக உள்ளே அழைத்தார், தண்ணீர் கொடுத்தார் என்றார். மறுக்க உரிமை உண்டு என்று சொன்னீர்களா என்ற கேள்விக்கு, “சொல்லவில்லை” என்றார்.

பிறகு மாமியார். அரசு வக்கீல் இளையவர், குரலை உயர்த்தாதவர்.

“இன்ஸ்பெக்டர் உங்களை மிரட்டினாரா?”

“இல்ல சார்.”

“தள்ளிட்டு உள்ள வந்தாரா?”

“இல்ல.”

“வீட்டைப் பார்க்கலாமான்னு கேட்டாரு. நீங்க வாங்கன்னு சொன்னீங்க. சரிதானே?”

மாமியார் மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னேன்.”

“அப்ப சம்மதிச்சுத்தானே உள்ள விட்டீங்க?”

“யார் வந்தாலும் வாங்கன்னுதான் சார் சொல்லுவேன்.”

“கேள்வி அது இல்லம்மா. வாங்கன்னா உள்ள வரலாம்னுதானே அர்த்தம்?”

“அவங்க டின்னத் தூக்கிட்டுக் கிளம்பும்போது ‘போயிட்டு வாங்க’ன்னும்தான் சார் சொன்னேன். அதுக்கு, திரும்பி வந்து மிச்சத்தையும் எடுத்துட்டுப் போங்கன்னா அர்த்தம்?”

அறை சிரித்தது. சுருக்கெழுத்தாளர் சிரித்தார். நீதிபதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுபடி சொல்லுங்கள் என்றார்.

எழுதுகிறவளுக்கு இது விருந்து. ஆனால் எழுதியபடி இது நடக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வக்கீல் சொன்னபடி, மாமியார் இதை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லவில்லை. இரண்டு மூன்று முறை நிறுத்தி, ‘போயிட்டு...’ என்று தொடங்கி, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வாதத்துக்காகச் சொல்லவில்லை. போலீஸ் தன் மருமகனுக்கு எதிரான ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகும்போது, தான் அவர்களை வழியனுப்பி வைத்த வெட்கம் அத்தனை நாளும் உள்ளே இருந்து, அங்கே வெளியே வந்துவிட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டதும் தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று நினைத்தாராம். இறங்கி வந்து மகளிடம், “கெடுத்துட்டேனா?” என்று கேட்டிருக்கிறார்.

8

நீதிபதி தீர்ப்பில் எழுதியதை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். என் மொழியில் சொன்னால்: வாசலில் வந்தவரை அழைப்பது ஒன்று, வீட்டைக் குடைந்து பார்க்க அனுமதிப்பது வேறொன்று. மறுக்கலாம் என்றே தெரியாத ஒருவர், சீருடையில் மூன்று பேர் நிற்கும்போது சொன்ன உபசாரச் சொல்லை இரண்டாவதற்குச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சாவி கணக்கில் வராது. சாவி இல்லாமல் மிஞ்சுவது கேட்டைப் பற்றிய ஒரு தவறான பதில். அதை வைத்துத் தண்டிக்க முடியாது.

(இந்தக் கதையை நம்பி நீங்களும் ‘வாங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொரு ஊரில், இன்னொரு நீதிபதி, இதே சொல்லைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளலாம். வக்கீல் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்.)

பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். காவலில் உடம்பு இளைத்திருந்தது. மனைவி ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டார். மாமியார் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர்தான், “அத்தை, உப்பு எடுங்க” என்று தொடங்கி வைத்தாராம்.

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில், உண்மையான திருடன் பிடிபடுகிறான். டாக்டருக்கு நெருங்கிய ஒருவன்தான். சாவியைக் கடைக்குக் கொண்டுவந்ததும் அவன்தான். எல்லாருக்கும் நிம்மதி. வக்கீல் படித்துவிட்டு, “இன்னைக்கு வரைக்கும் யாரும் பிடிபடலையே” என்றார்.

இரண்டாவதில், ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது பூட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் கை விட்டு ஒரு கேமராவை—

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. ஆனால் இப்படி எனக்குத் தோன்றியது என்பதை மறைத்துவிட்டு உங்களிடம் பேசவும் மனம் வரவில்லை.)

வக்கீலிடம் நேரடியாகவே கேட்டேன். “அவர் செஞ்சாரா, செய்யலையா?”

“நான் கேட்டதே இல்ல.”

“தெரிஞ்சுக்கணும்னு தோணலையா?”

“தோணாம இருக்குமா? ஆனா தப்பு செய்யாதவங்க வீட்டுக்கு மட்டும்தான் கதவுன்னு சட்டம் வச்சா, செஞ்சாரா இல்லையான்னு உள்ள போய்ப் பார்த்துட்டுத்தானே சொல்ல முடியும்? அப்புறம் யார் வீட்டுக்கு இருக்கும் கதவு?”

வக்கீல் கேட்காததை மாமியார் கேட்டிருக்கிறார். ஒரு மத்தியானம், மகள் வேலைக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேசையில்.

“மாப்பிள்ளை, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க அத்தை.”

“அந்தச் சாவி...”

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “கோர்ட்ல நான் பேசாம இருந்தா அதை எனக்கு எதிரா எடுத்துக்கக் கூடாதாம் அத்தை. வக்கீலம்மா சொன்னாங்க.”

“இது கோர்ட் இல்லையே மாப்பிள்ளை.”

“அதத்தான் சொல்றேன். இங்க பேசினாலும் எடுத்துக்குவாங்க, பேசாட்டியும் எடுத்துக்குவாங்க.” தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, “நான் போகல அத்தை. அது தேறாத சாவிதான்” என்றார்.

“சரி, சாப்பிடுங்க.”

நம்பினீர்களா என்று மாமியாரிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். “அவர் முகத்தைப் பார்க்கும்போது நம்புறேன். ராத்திரி அவர் லேட்டா வந்து, சத்தமே இல்லாம கதவைத் திறந்துட்டு வரும்போது கொஞ்சம் முழிச்சுக்குறேன். நம்மளை எழுப்பக் கூடாதுன்னுதான் அப்படித் திறக்குறாரு. தெரியுது. இருந்தாலும்.”

9

துண்டுப்பிரசுரத்தைக் கடைசியில் வக்கீலே எழுதிக்கொண்டார். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

நான் அந்தக் கடைக்குப் போனேன். கதைக்காகப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுச் சாவி தேய்ந்து, திருப்பினால் சுற்றிக்கொண்டிருந்ததும் உண்மை. மருந்துக் கடைக்காரர் வழி சொன்னார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “மெயின் ரோட்டுல இன்னொரு கடை இருக்கு” என்றும் சொன்னார்.

ஷட்டர் முழுவதும் ஏற்றியிருந்தது. சாவிகள் தொங்கிய ஆணிகள் சிலவற்றில் இப்போது குடைகள் தொங்குகின்றன. டார்ச் பேட்டரிகளும் விற்கிறார். சாவி வெட்ட வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று மாமியார் சொல்லியிருந்தார். விடுதலை என்ற சொல் தெருவில் எல்லாரையும் போய்ச் சேர்வதில்லை, சாவி என்ற சொல் சேர்ந்துவிட்டது.

வீட்டுப் பெண்களிடம்தான் பேசியிருந்தேன்; நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அவரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவள் என்று நானும் சொல்லவில்லை. என் சாவியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விரலால் பல்லைத் தடவினார்.

“ரொம்பத் தேஞ்சுபோச்சும்மா. பூட்டும் பழசா இருக்கும் போல. நேர்ல வந்து பார்த்தா ஒரேயடியா சரி பண்ணிடலாம்.” ஆணியிலிருந்து ஒரு வெட்டாத சாவியை எடுத்துக்கொண்டே, எல்லாரிடமும் கேட்பது போலக் கேட்டார். “வீடு எந்தப் பக்கம்?”

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இந்தக் கதை சொல்லப்போவதில்லை. அவர் குற்றவாளி இல்லை; சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இயந்திரத்தை இன்னும் ஓடவிடவில்லை. ஒரு கையில் உங்கள் சாவி, இன்னொரு கையில் வெட்டாத சாவி, நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் பதில் சொல்லுங்கள். பேசாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதையும் அவர் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்வார்.